குட்டிப் பிசாசு

“தம்பி, ஒங்க போனைக் கொஞ்சம் குடுங்க, பாப்போம்.”

வல்லக்கோட்டை முருகன் கோயில் மண்டபத்தில் பெண் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த அருள்பாண்டி இதை எதிர்பார்க்கவில்லை. சம்பளம் கேட்பார்கள், சொந்தபந்தம் கேட்பார்கள். போனையா கேட்பார்கள்?

கேட்டவர் தளவாய், பெண்ணின் தாய்மாமன். படப்பையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பெண்ணின் அப்பா கொம்பையா திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கியதுமே மச்சினனிடம் சொல்லியிருந்தார்: “தரகர் சொல்லுததை எல்லாம் நம்ப முடியாது. ஒனக்குத்தான் போனைப் பத்தித் தெரியுமே, பையன் போனை வாங்கிப் பாரு. காதல் கீதல்னு ஏதாவது இருந்துச்சுன்னா நான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிருவேன்.”

அருள்பாண்டி போனை நீட்டினான். ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை, நல்ல லட்சணம். ஒரே குறை, உயரம். மண்டபத்துக்குள் வரும்போதே வாசலில் தொங்கிய மணியில் தலையை முட்டி, அது ஓங்கி ஒலித்து, பூசைதான் ஆரம்பித்துவிட்டதென்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எதிரே இசக்கிசெல்வி தரையில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு மண்ணூர்ப் பக்கம் ஒயர் கம்பெனியில் வேலை. ஹாஸ்டல் வாசம்.

தளவாய் போனைத் தடவித் தடவிப் பார்த்தார். “மெசேஜ் ஒண்ணுகூட இல்ல. போட்டோ இல்ல. இப்பத்தான் டப்பாவுல இருந்து எடுத்த மாதிரி இருக்கு.”

“பாத்தியளா, எம்புள்ள அம்புட்டுச் சுத்தம்,” என்று பூரித்தார் பையனின் அம்மா நாச்சியார்.

கொம்பையாவுக்கும் திருப்திதான். ஆனால் சும்மா இருக்காமல் மச்சினனின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “அது என்னது, மேல ஏதோ எழுத்து மங்கலாத் தெரியுது?”

“ஒண்ணுமில்ல அத்தான். அழுக்கு.” தளவாய் வேட்டி நுனியால் துடைத்தார்.

“அழுக்குன்னா போவணுமே?”

“சில நேரம் திரையில நிழல் நிக்கும் அத்தான். ஒரே படம் ரொம்ப நேரம் இருந்தா, அது போன பொறவும் லேசாத் தெரியும். வெறும் வெள்ளையைப் போட்டு வச்சா தன்னால அழிஞ்சிரும். பூசை முடியட்டும்.”

திரை முழுக்க வெள்ளையாக்கி, போனைப் பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தீபாராதனை பார்த்து, திருநீறு பூசிக்கொண்டு எல்லோரும் திரும்பி வந்து குனிந்தார்கள்.

நிழல் அழியவில்லை. வெள்ளையில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. கீழே எழுத்து தட்டும் கட்டங்கள், மேலே ஒரு பட்டை, பட்டைக்குள் ஒரு பெயர்.

கொம்பையா விடாமல் முறைக்கவே தளவாய் பெருமூச்சு விட்டார். “அப்ப இது நிழல் இல்ல, சூடு. கருகி ஒட்டிட்டு. மெசேஜை அழிக்கலாம், போனையே கழுவி விடலாம், இதை அழிக்க முடியாது. ஒரே ஆளுகிட்ட மாசக்கணக்காப் பேசிக்கிட்டே இருந்தாத்தான் இப்படி ஆவும்.”

“யாரு அந்த ஆளு? படி.”

“எழுத்து சரியாத் தெரியலை அத்தான்...”

கொம்பையாவே போனைப் பிடுங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக் கூட்டினார். “கு...ட்டி...ப்பி...சா...சு. குட்டிப் பிசாசா! யாரு தம்பி இது?”

அருள்பாண்டி பழத்தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “எங்க... எங்க லைன் சூப்பர்வைசரு, ஐயா. ஷிப்ட் மாத்துதது, ஓ.டி. போடுதது எல்லாம் வாட்ஸ்அப்லதான்.”

“சூப்பர்வைசர்கிட்ட திரை கருகுத மட்டுக்கும் பேசுவியளோ?” கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் துண்டை உதறிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று அர்த்தம். நாச்சியாரின் முகம் செத்துப்போனது.

“இருங்க அத்தான். கட்டிக்கிடப் போறது செல்விதான? அவளை ஒரு வார்த்தை கேளுங்க.” தளவாய் போனை வாங்கி அவளிடம் நீட்டினார்.

இசக்கிசெல்வி அதை வாங்கிப் பார்த்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

“எங்க கம்பெனிலயும் இதே கததாம்ப்பா. எங்க சூப்பர்வைசரு சோறு திங்கக்கூட விடாம ‘ஓ.டி.க்கு வா’ன்னு மெசேஜாப் போட்டு உசுரை வாங்குவாரு. நாங்க அவருக்கு வச்சிருக்க பேரை சாமி முன்னால சொல்ல முடியாது.”

நாச்சியார் சிரித்துவிட்டார். கொம்பையாவின் மீசையும் அசைந்தது. துண்டு மறுபடி மடிக்கு வந்தது. நல்ல நாள் பார்க்கக் குருக்களைத் தேடிப் பெரியவர்கள் சந்தோஷமாகக் கிளம்பினார்கள். சின்னஞ்சிறுசுகள் கொஞ்சம் பேசிக்கொள்ளட்டும் என்று இவர்களை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

காலடிச் சத்தம் ஓய்ந்ததும் இசக்கிசெல்வி அவன் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“அந்தப் பேரை மாத்து, மாத்துன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தான?”

“ஒண்ணுவிடாம அழிச்சிட்டுத்தான் வந்தேன், பிசாசே. நீ இப்படி ஒட்டிக்கிட்டு நிப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. இருவரும் துள்ளி விலகினார்கள்.

“மாப்ளே, நாளைக்குக் கடைக்கு வாரும். டிஸ்ப்ளே மாத்தித் தாரேன்,” என்றார் தளவாய். “வரும்போது செல்வி போனையும் வாங்கிட்டு வாரும். சார்ஜர் பின் மாத்தக் குடுத்தப்பவே பாத்துட்டேன், அதுல ‘பனைமரம்’னு ஒரு பேரு கருகிக் கெடக்கு. நீரு வாசல் மணியில தலையை முட்டினப்பவே ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சு!”