பத்துக்கு எட்டு

அண்ணி நடிக்கிறாள் என்பது துணி பிழிகிற சத்தத்தில்தான் தெரிந்தது.

கடைக்குக் கிளம்பிய இவள் பர்ஸை மறந்து பாதி வழியில் திரும்பியிருந்தாள். குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அண்ணி, ஊற வைத்திருந்த படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். சொட்டு மிச்சமில்லாமல்.

காலையில் அந்தக் கையால் ரவிக்கைப் பொத்தான் போட முடியாது என்று இவள்தான் போட்டுவிட்டிருந்தாள். தலையும் வாரிவிட்டிருந்தாள்.

அந்த விரிப்பு தன்னுடையது என்பதுகூட இவளுக்கு உறைக்கவில்லை. சத்தம் காட்டாமல் பர்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்பு அண்ணன்தான் போய் இவளைக் கூட்டி வந்தான். அண்ணிக்கு முடக்குவாதம், விரல் மடங்கவில்லை, டம்ளர் பிடிக்க முடியவில்லை, கை சரியாகிற வரைக்கும் வந்து இரு என்றான். இவள் புருஷன் இறந்த பிறகு கொழுந்தன் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் படுத்து, ஏழு பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தவள். கேட்ட மறு நிமிடம் பெட்டியைக் கட்டினாள். இங்கே தாழ்ப்பாள் உள்ள அறை ஒன்று கிடைத்தது.

"தங்கச்சி இருக்கிறப்ப எனக்கென்ன குறை" என்று அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

மாத்திரைக்குக் கேட்காததால் டாக்டர் ஊசிக்கு மாற்றினார். அதற்கு முன்னால் காசநோய் இருக்கிறதா என்று நெஞ்சுப் படம், ரத்தச் சோதனை. பேனா மாதிரி ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஃப்ரிட்ஜில் நடுத்தட்டில் வைக்க வேண்டும், உறைந்து போனால் வீண்.

"எனக்கு ஓட்டை ஃபேன், ஊசிக்குக் குளுகுளு ரூமா" என்றான் அண்ணன்.

அதை அமுக்க அண்ணியின் விரலுக்கு வலு இல்லை. நர்ஸ் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். தொடையில் வைத்து அமுக்கி, எடுக்காமல் பதினைந்து வரை எண்ண வேண்டும். முதல் தடவை இவள் பேனாவை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். பயப்படாதே, குத்துப்படுவது என் தொடைதானே என்று அண்ணிதான் தைரியம் சொன்னாள்.

வலிக்குத் தினமும் காலண்டரில் மார்க் போட வேண்டும், பத்துக்கு எத்தனை என்று. அண்ணி சொல்ல, இவள் பென்சிலால் எழுதுவாள். முதல் மாதம் ஒன்பது. அப்புறம் எட்டு. ஊசி தொடங்கி நான்கு மாதம் ஆகியும் எட்டு.

பொத்தான் போடும்போது அண்ணி அடிக்கடி ஒன்று கேட்பாள். உனக்கு இந்த வீடு பிடிச்சிருக்குல்ல? வேலைக்கு வைத்தவளை விசாரிக்கிற மாதிரி இருக்கும் இவளுக்கு.

அடுத்த ஊசி வாங்கப் போனபோது நர்ஸிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். வலி இன்னும் எட்டிலேயே நிற்கிறதே என்றாள். நர்ஸ் கார்டைப் புரட்டினாள்.

"எட்டா? எங்ககிட்ட ரெண்டுன்னுல்ல சொன்னாங்க. ரத்தமும் நல்லா வந்திருக்கு. போன தடவை என் விரலைப் பிடிச்சு அமுக்கிக் காட்டினாங்க. வலிச்சது எனக்குத்தான்."

டாக்டர் அறைக்குள் அண்ணி இவளை ஒரு தடவைகூட விட்டதில்லை. ஏன் என்று இப்போது புரிந்தது.

வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தாள். அங்கே கொழுந்தன் பெண்டாட்டிக்குச் செக்குமாடு, இங்கே அண்ணிக்கா? அங்கேயாவது நேராக ஏவினார்கள். இப்படி நோயைச் சொல்லி வேலை வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனும் அண்ணியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணிக்கு வழக்கமாக வைக்கிற ஸ்பூனை இவள் வைக்கவில்லை.

"அண்ணா, அண்ணியைக் கையை மூடச் சொல்லு."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "வேணாம்மா, வலிக்குது" என்றாள் மெதுவாக.

"எத்தனை, எட்டா? ஆஸ்பத்திரி கார்டுல ரெண்டுன்னு இருக்கு அண்ணா. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாங்க. துணி பிழியிற கைக்கு நான் தினமும் பொத்தான் போட்டுக்கிட்டிருக்கேன்."

அண்ணி கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றாள். இவள் விடவில்லை. அந்தக் கையை இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். ஐந்தும் அழகாக மடங்கி, முஷ்டி மூடிக்கொண்டது. அண்ணி முனகக்கூட இல்லை.

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். பெண்டாட்டியைத் திட்டப்போகிறான் என்று இவள் காத்திருந்தாள். அவன் முகம் மலர்ந்தது.

"அட, ஊசி வேலை செஞ்சிடுச்சே. நல்லதாப் போச்சு. உன் கொழுந்தன் வாராவாரம் போன் போட்டு, எப்ப அனுப்புறீங்கன்னு உயிரை எடுக்கிறான். நானும் காலண்டரைப் பார்த்துப் பார்த்து, இன்னும் எட்டுதான்னு சொல்லிக்கிட்டிருந்தேன். கை சரியாகிற வரைக்கும்தானே பேச்சு? ஒரு அடுப்படிக்கு ரெண்டு பேர் எதுக்கு? நாளைக்குக் காலையில பஸ் ஏத்தி விடறேன்."

சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டான்.

இவள் கைக்குள் இருந்த முஷ்டி மெல்லத் திறந்து, இவள் விரல்களை இறுகப் பற்றியது. நல்ல பிடி.

"உனக்காகத்தாண்டி வலிச்சுது" என்றாள் அண்ணி.