மதுவரி ஐயாவின் கடகடப்பு

"ஐயா, மெசினிலை ஒரு பிழையும் இல்லை. பிழை முழுக்க றோட்டிலைதான்."

குருநகர் மெக்கானிக் நீக்கிலாப்பிள்ளை எப்போதும் இப்படித்தான். போன கிழமை பிழை பெற்றோலில் இருந்தது. அதற்கு முந்தின கிழமை ஓட்டுகிறவரின் பாரத்தில் இருந்தது. அவருடைய கைவேலையில் மட்டும் அது ஒருநாளும் இருந்ததில்லை.

மதுவரி இன்ஸ்பெக்டர் இராசநாயகத்துக்குப் பொறுமை போய்விட்டது. களவாகச் சாராயம் வடிப்பவர்களைப் பிடிக்கவென்று அரசாங்கம் அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தது. அது புகைக்குழாய்ப் பக்கமாகக் கடகடவென்று ஒரு சத்தம் போட்டது. கொடிகாமத்தில் புறப்பட்டால் அடுத்த ஊரில் நாய் குரைக்கும்.

"நான் போய்ப் படலையைத் திறக்கேக்கை அடுப்பிலை பூனை படுத்திருக்குது. எனக்கு முன்னாலை இந்தச் சத்தம் போய்ச் சொல்லிப்போடுது. உமக்கு இது விளங்குதோ?" என்றார்.

விளங்காமல் என்ன? அவர் பொறுப்பிலிருந்த தென்மராட்சிப் பகுதியில் பொழுதுபட்டால் ஆம்பிளைகள் வேலியைப் பிடித்துக்கொண்டுதான் வீடு போய்ச் சேர்ந்தார்கள். சாராயம் எங்கேயோ தாராளமாக வடிந்துகொண்டிருந்தது. எத்தனை வீட்டுக் குசினிகளை அடுப்படிவரை போய்ச் சோதித்தும் பானையை மட்டும் காணவில்லை. வெள்ளைக்காரத் துரை அவரை நேரில் கூப்பிட்டு, இந்த மாதத்துக்குள் ஒரு பானையாவது பிடிக்காவிட்டால் முல்லைத்தீவுக்கு மாற்றம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் முல்லைத்தீவு என்றால் மலேரியா. தடிமனுக்கே மூன்று நாள் படுக்கிற இராசநாயகத்துக்குத் துரையின் சிரிப்பு பிடிக்கவில்லை.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. சீதனமாக வந்த வீடு, ஆகவே அங்கே மாமியார் செல்வநாயகியின் ஆட்சி. மாமி நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற ஆசாரமான மனிசி. சாராயப் பானை தொடுகிற உத்தியோகக்காரன், குளித்தாலும் முழுகினாலும் குசினிப் பக்கம் வரக்கூடாது என்று கலியாணம் முடிந்த கிழமையே சட்டம் போட்டுவிட்டார். வீடெல்லாம் சாராய வாடை என்று மூக்கைப் பொத்துவார். மருமகன் வெட்கப்பட்டுக் காக்கிச் சட்டையைக் கிணற்றடியிலேயே கழற்றி, சவர்க்காரம் போட்டுத் தன் கையாலேயே தோய்ப்பார். வாடை போகாது. உத்தியோகத்தை நொந்துகொண்டு படுத்துவிடுவார்.

"இண்டைக்குத் திருத்தாமல் நான் இந்த இடத்தை விட்டு எழும்பமாட்டன்" என்று அவர் எண்ணெய்த் தகரத்தின் மேல் குந்திவிட்டார்.

நீக்கிலாப்பிள்ளை சங்கிலியை இறுக்கினார். கடகட. இலக்கத் தகட்டைக் கழற்றி வைத்தார். கடகட. கடைசியில் இன்ஸ்பெக்டரை ஓட்டவிட்டு, தான் பின்னால் ஏறி, சத்தம் பிறக்கிற இடத்தைக் கேட்கக் காதைச் சாய்த்துக்கொண்டு கடற்கரை றோட்டில் ஒரு நடை போய்வந்தார். காது தப்பியது, கெண்டைக்கால் குழாயில் பட்டுப் பொங்கிவிட்டது. வந்த ஆத்திரத்தில் மற்றக் காலால் குழாய்க்கு ஒரு உதை விட்டார்.

உள்ளே ஏதோ உருண்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குழாயின் முனையிலிருந்த சைலன்சரைக் கழற்றிக் குலுக்கினால், கோயில் உண்டியலாய்க் கிலுங்கியது. வெட்டித் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு தகடு ஆணி கழன்று கிடந்தது. சத்தத்தை அடக்கவென்று வைத்த தகடுதான் இவ்வளவு நாளும் சத்தம் போட்டிருக்கிறது. அரசாங்கக் காரியங்களில் இது ஒன்றும் புதுமையில்லை.

"நான் முதல் நாளே நினைச்சனான்" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

தகட்டுக்குப் புது ஆணி அடித்து, சைலன்சரை ஒட்டிப் பூட்டினார். மோட்டார் சைக்கிள் பால் குடித்த பூனையாய் உறுமியது. இராசநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஊரையே வளைக்கப் போவதாகவும், விடிந்தால் பானையும் கையுமாக வந்து நிற்பதாகவும் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

சொன்னபடியே விடியற்காலை வந்தார். பானையைக் காணவில்லை. சவரம் செய்யாத முகம், தோய்க்காத சட்டை. நீக்கிலாப்பிள்ளை முதலில் சைலன்சரைத்தான் பார்த்தார்.

"திரும்பச் சத்தம் வருதோ ஐயா?"

"இல்லை."

"அப்ப, பானை ஒண்டும் பிடிபடேல்லையோ?"

"பிடிபட்டது. ஊர் முழுக்கக் குடிக்கிறதுக்கு வடிக்கிற இடமே பிடிபட்டது. இவ்வளவு நாளும் மற்ற வீடுகளிலை பானை இல்லை எண்டது உண்மைதான். நான்தான் சும்மா சனத்தைச் சந்தேகப்பட்டனான்."

"பிறகென்ன, முல்லைத்தீவுப் பயணம் நிண்டுபோச்சு" என்று நீக்கிலாப்பிள்ளை சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"முல்லைத்தீவிலை இப்ப காய்ச்சல் குறைவாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீக்கிலா, அந்தத் தகட்டைத் திரும்பக் கழட்டி விடும். முந்தியிலும் பாக்கக் கொஞ்சம் பெலமாச் சத்தம் வரவேணும்."

மெக்கானிக்குக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒழுங்காகச் செய்த வேலை அது.

"ஏன் ஐயா? ராத்திரி ஆரின்ரை வீட்டுக்குப் போனனீங்கள்?"

"ஒருத்தற்றை வீட்டுக்கும் போகேல்லை. சாப்பிடவெண்டு நேரே என்ரை வீட்டுக்குத்தான் போனனான்" என்று இராசநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். "சத்தமில்லாமல் போய் நிண்டபடியால், மாமிக்குக் குசினிக் கதவைச் சாத்த நேரம் கிடைக்கேல்லை."