கிழித்த மனு

இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. மைக்செட்காரர் சொன்னதை அன்று அப்படியே நம்பினேன். அதன்பிறகு ஒரு வருடம்கூட முழுதாக நம்பியதில்லை.

எங்கள் தெருமுனையில் பிரார்த்தனைக் கூடம். அதன் மாடியில் கூம்பு ஒலிபெருக்கி. சாயங்காலம் பாட்டு ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். சில நாள் பாதிப் பாட்டில் திடீரென்று சத்தம் இரண்டு மடங்காகும்.

பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகள் காதில் பஞ்சோடு வந்து நின்றாள்.

"அப்பா, அதிகாரிக்கு எழுதறதுக்குப் பதிலா நேரா கடவுளுக்கே ஒரு மனு போட்டுடுங்க. அவருக்கும் தலைவலியாத்தான் இருக்கும்."

அதிகாரிக்கே எழுதினேன். முப்பத்தொரு வீட்டில் கையெழுத்து வாங்கினேன். மூலைவீட்டு அச்சகக்காரர் மட்டும் போடவில்லை. இத்தனைக்கும் கூம்பு அவர் வீட்டு ஜன்னலைப் பார்த்துத்தான் இருந்தது.

"சாமி பாட்டு சார். காதுல விழுந்தா புண்ணியம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

"புண்ணியத்தை மொத்தமா அவரே வெச்சுக்கட்டும். நமக்குத் தூக்கம் போதும்" என்றார் எதிர்வீட்டு டீச்சர்.

மறுநாள் மனுவோடு கிளம்பினேன். கூடத்து வாசலில் மைக்செட்காரர் மறித்தார்.

"ஒரு நிமிஷம் சார். இதைக் கொடுத்தீங்கன்னா கூம்பைக் கழட்டிடுவாங்க. என் பொழப்பு போனா போகட்டும். அந்தம்மா பாவம்."

"எந்தம்மா?"

"மூலைவீட்டு அம்மாதான். வயித்துல கட்டியாம். வலி வந்தா அலறிடுவாங்களாம்."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"கைவிட்டுட்டாங்களாம் சார். தெருவே கேக்குதேன்னு அந்தம்மா கூசிப்போறாங்களாம். அவங்க வீட்டுக்காரரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாரு. அவங்க ஜன்னல்ல லைட் ரெண்டு தடவை அணைஞ்சு எரிஞ்சா நான் சத்தத்தை ஏத்திடணும். அவ்வளவுதான் கேட்டாரு."

மனுவை அங்கேயே கிழித்தேன்.

அன்று சாயங்காலமும் சத்தம் இரண்டு மடங்கானது.

"அப்பா, மனு என்னாச்சு?" என்றாள் மகள்.

"இன்னும் கொஞ்சம் பஞ்சு வெச்சுக்கோம்மா" என்றேன்.

தெருவில் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. "சாரும் கூடத்துல சேர்ந்தாச்சா? நாளைக்குப் பாட்டு நீங்கதானா?" என்று கிண்டல் செய்தார்கள். பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

மூன்றே மாதத்தில் அந்தம்மா இறந்துபோனார். முகத்தையும் சேர்த்து மூடியிருந்தார்கள்.

"நோய் உருக்கிடுச்சு. யாரும் பாக்க வேணாம்" என்றார் அச்சகக்காரர்.

யாரும் பார்க்கவில்லை. நானும்தான். ஒரு மாதத்தில் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

போன வாரம் மருந்துக்கடையில் மைக்செட்காரரைப் பார்த்தேன். தளர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பொம்பளையோட மானத்தைக் காப்பாத்தினோம் சார். கண்ணை மூடறப்போ நினைச்சுக்க எனக்கு அது ஒண்ணு போதும்."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். இந்த வயதில் அவருடைய நிம்மதியைக் கெடுக்க நான் யார்? கெடப்போவது அவருடைய நிம்மதி மட்டும்தானா?

பதினோரு வருடமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன்.

"அந்த லைட் அணைஞ்சு எரியுமே... அது அந்தம்மா அலற ஆரம்பிச்ச பிறகா, இல்ல அதுக்கு முன்னாடியா?"