பாரம் அதிகம்

கனடாவின் தேசியப் பூங்கா ஒன்றில், ஆற்றில் மீன் பிடித்த கரடியை அருகில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இப்படித்தான். ரத்னவேலும் விசாலாட்சியும் தேக்கா சந்தையில் மீன் வாங்கி வரும் நாளில் மட்டும், அவர்கள் குடியிருக்கும் பிடோக் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட் பாரம் அதிகமென்று கத்தும். பதின்மூன்று பேர் ஏறலாம் என்று உள்ளே எழுதியிருக்கிறது. இருப்பது இவர்கள் இருவர்தான்.

“ரிப்பேர்லா,” என்பார் ரத்னவேல்.

இன்றும் கத்தியது. விசாலாட்சி காலி மூலையையே பார்த்தாள். “என்னங்க, ஓடாதீங்க. முதுகைக் காட்டாம மெதுவா வெளிய வாங்க.” பூங்காவில் சொல்லித்தந்தது அது.

இருவரும் பின்னால் நகர்ந்து வெளியே வந்தார்கள். எந்தப் பொத்தானையும் அமுக்கியிருக்கவில்லை. கதவு மூடியது. லிஃப்ட் நேராக ஒன்பதாம் மாடிக்குப் போய் நின்றது. அவர்கள் மாடி.

“மீன் என் கையிலதானே இருக்கு?” என்றாள்.

லிஃப்ட் இறங்கி வந்தது. இருவரும் ஏறினார்கள். இந்த முறை அது கத்தவில்லை.