பெடலுக்குத் தெரிந்த கால்

குதிகாலை அழுத்தச் சொன்னது பெட்டி.

அழுத்தினாள்.

திரையில் பூஜ்யம் வந்தது. இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் அவள், கிட்டார், தரையில் ப்ராசசர். கிட்டாரின் ஒலியை வாங்கி வேறு ஒலியாக்கித் தரும் அந்தப் பெட்டி காலேஜுக்குச் சொந்தம். அதன் ஓரத்தில் கார் ஆக்சிலேட்டர் மாதிரி ஒரு பெடல். பின்னால் சாய்த்தால் சத்தம் இல்லை. முன்னால் மிதித்தால் முழுச் சத்தம்.

எது முழு மிதி என்று பெட்டிக்கு யாராவது ஒருமுறை மிதித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பெயர் காலிப்ரேஷன்.

போன முறை மிதித்துக் காட்டியவன் ரெஜின்.

ரெஜின் பாடகன். கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பேண்டில் எதுவும் அவன் கால் படாமல் தொடங்கக் கூடாது. நல்ல கனம். போதாததற்கு பூட்ஸ். பெடலுக்கு அடியில் இருக்கும் ரப்பர் நசுங்கும்படி ஏறி நின்று, இதுதான் முழு மிதி என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தான்.

பெட்டி நம்பிவிட்டது.

பேண்டும்.

அதற்குப் பிறகு, வாசித்துக்கொண்டே அவள் மிதித்தால் திரையில் நூறுக்கு அறுபதைத் தாண்டவில்லை. ஆண்டு விழாவில் அவள் தனியாக வாசிக்கும் சோலோ டிரம்ஸுக்கு அடியில் எங்கோ நடந்தது. மூன்றாவது வரிசையில் இருந்த அம்மா, மகள் வாசிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்.

சோலோ முடிந்ததும் ரெஜின் மைக்கைப் பிடித்தான்.

"பாவம் மக்கா, பிள்ளைக்குச் சின்னக் கை. சும்மா ஒரு கைதட்டு குடுங்க."

கொடுத்தார்கள். நன்றாகவே கொடுத்தார்கள். அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய கைதட்டல் அதுதான்.

கோளாறு தன் கையில் இல்லை, ரெஜின் காலில் என்று கீபோர்டு வாசிப்பவனிடம் சொல்லிப் பார்த்தாள். மனசில் வைத்துக்கொள்ளாதே என்றான். பொறுப்பாசிரியரிடம் சொன்னாள். பேண்டில் ஒரு பெண் நிற்பதே காலேஜுக்குப் பெருமை என்றார். நிற்பதற்குச் சத்தம் தேவையில்லை.

இன்று நாகர்கோவில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அரையிறுதி. இன்றும் அவள் வாசிப்பது கேட்கவில்லை என்றால் சோலோ கீபோர்டுக்குப் போகும். ரெஜின் முடிவு செய்துவிட்டான். அவள் நல்லதுக்குத்தான் என்றும் சொன்னான்.

அடுத்து முன்பாதத்தை அழுத்தச் சொன்னது பெட்டி.

காலை வைத்தாள். மெல்ல. வாசிக்கும்போது வைக்கிற மாதிரி.

கதவு திறந்தது. ரெஜின் தலையை மட்டும் நீட்டினான். பதறாதே என்றான். சத்தம் வராவிட்டாலும் பரவாயில்லையாம். அவன் பார்த்துக்கொள்வானாம். போன தடவை மாதிரியே கைதட்டு வாங்கித் தருவானாம்.

கதவு மூடியது.

மிதித்தாள்.

ரப்பர் கிறீச்சிட்டது. பெட்டி தரையில் ஒரு விரல் தூரம் நகர்ந்தது. காலை எடுக்காமல் குனிந்து பொத்தானை அழுத்தினாள்.

பதிவாகிவிட்டது என்றது திரை.

சரிதானா என்று பார்க்க, வாசிக்கிற மாதிரி மிதித்துப் பார்த்தாள்.

எண்பது.

இன்னொரு முறை.

எண்பது.

கோபத்தில் அளவு பிடிக்கக் கூடாது என்று கையேட்டில் எங்கும் போட்டிருக்கவில்லை.

முதலிலிருந்து தொடங்கலாம் என்று குனிந்தபோது, மேடைக்குக் கூப்பிட்டார்கள். யாரோ வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பாட்டு பாதி போயிற்று.

சோலோ வந்தது.

மிதித்தாள். எண்பது. முன்வரிசையில் இரண்டு பேர் அவளைத் தேடிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். டிரம்ஸ் வந்து மேலே ஏறி உட்கார்ந்தது. இன்னும் மிதித்தாள். எண்பத்திரண்டு. விரல்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்துகொண்டிருந்தன. அதை அவளும் விரல்களும் மட்டும் அறிந்திருந்தார்கள்.

ரெஜின் அவள் பக்கம் திரும்பினான்.

முகத்தில் அதே அக்கறை.

கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினான். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான்.

"பாவம் மக்கா..."

நூறு.

அதற்கு மேல் அவன் என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது. வாய் மட்டும் அசைந்தது. கடைசி வரிசையில் போனில் கிடந்தவன் நிமிர்ந்தான். நடுவர் டீயைக் கீழே வைத்தார். டிரம்மர் முதல் முறையாக அவளைத் திரும்பிப் பார்த்து வாசித்தான்.

ரெஜினின் உயர்த்திய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

முடிந்ததும் கைதட்டினார்கள். யாரும் கேட்டு வாங்கித் தரவில்லை.

இறுதிச்சுற்றுக்குப் பெயர் வாசித்தார்கள். அவர்கள் காலேஜ் இருந்தது.

அவள் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ரெஜின் வந்தான். சிரிக்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"சாரி, கேட்டியா. நான் அப்பிடிச் சொல்லிருக்கப்பிடாது. ரெண்டு தடவையும்."

உண்மையாகத்தான் சொன்னான்.

அதுதான் சிக்கல்.

நெஞ்சுக்குள் கோபம் தளர்வதை அவள் உணர்ந்தாள். உடனே காலைப் பார்த்தாள். பிறகு பெடலை. கோபம் போனால் அது மறுபடி எண்பதுதான்.

மறுபடி அளவு பிடிக்க ஒரு நிமிடம் போதும். பெட்டி இன்னும் அணையவில்லை. திரை காத்திருந்தது.

அணைத்தாள். உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"வெள்ளிக்கிழமை ஃபைனல் இருக்கு," என்றாள். "அது முடிஞ்சு வந்து சொல்லு. கேக்கேன்."