கொட்டகையைச் சுற்றிய கைகள்

நூறு வருஷத்துச் சினிமாக் கொட்டகையை இடிக்க விடமாட்டோம் என்று ஊரே கைகோத்து அதைச் சுற்றி நின்றது. சாயங்காலத்துக்குள் கோர்ட்டிலிருந்து தடை உத்தரவு வந்துவிடும். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும்.

எதிர்ச்சாரியில் இடிக்கும் இயந்திரம் நீண்ட கையைத் தூக்கியபடி நின்றது. காண்ட்ராக்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து யாருக்கோ போன் போட்டுக்கொண்டே இருந்தார்.

டிக்கெட் கவுண்ட்டர் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் கையைப் பிடித்து நின்றவனோ அவளைவிட மோசம். கால் மாற்றிக் கால் மாற்றித் தவித்தான்.

"என்ன தம்பி, இப்படி நிலைகொள்ளாம நிக்கிறே?"

"பயமா இருக்குக்கா."

"பயந்தவன் வீட்லயே இருந்திருக்கலாமே?"

"அங்க இருந்தா தேடி வந்துடுவாங்கக்கா."

"அப்படி என்னப்பா இந்தக் கொட்டகை மேல பாசம்?"

"எனக்கென்ன பாசம்? வாராவாரம் வீட்டுக்காரி கூட்டிட்டு வருவா. அவ அழுவா, நான் தூங்குவேன். இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா வீட்டுப் பக்கமே வராதேன்னுட்டா."

அக்கா சிரித்துவிட்டாள். அதற்குள் அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. அக்காவே எடுத்து அவன் காதில் வைத்தாள்.

"மெஷின் சாவியை எடுத்துக்கிட்டு எங்கடா ஒழிஞ்சே?"

அந்தக் குரல் போனிலும் கேட்டது, எதிர்ச்சாரியிலிருந்தும் கேட்டது.

"இங்கதான் சார் இருக்கேன். என்ன பண்றது, கூட்டத்துல மாட்டிக்கிட்டேன், விடமாட்டேங்குறாங்க!"

சொல்லிவிட்டு அக்காவிடம் கிசுகிசுத்தான்.

"கெட்டியாப் பிடிச்சுக்குங்கக்கா."