சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

எடப்பாடியிலிருந்து வந்த எலெக்ட்ரீசியன் குமரன், தீர்த்தகிரியின் பழைய டிராக்டரில் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரை மாட்டினான்.

"இனி பேட்டரி இறங்காதுங்க. தெனமும் தள்ளுற வேலை மிச்சம். சாவியைத் திருப்புனா போதும்."

தீர்த்தகிரி தலையைச் சொறிந்தார். "சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் வெச்சுக் குடு சாமி. அதைப் போட்டாத்தான் செல்ஃப் எடுக்கோணும். ஆருக்கும் தெரியக் கூடாது."

"திருட்டுப் பயமுங்களா? வெச்சிரலாமுங்க."

மறுநாள் விடியற்காலை தீர்த்தகிரி ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார். செல்ஃப் எடுக்கவில்லை.

"ஏனுங்க, நேத்துத்தானே புதுசா மாட்டுனீங்க!" மனைவி ராசாத்தி பதறினாள்.

வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்திலிருந்து தம்பி சண்முகவேல் வந்தான். வரப்புத் தகராறில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று ஆறு வருடம். ஆனாலும் டிராக்டரைத் தள்ளிவிட மட்டும் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. வருவான், தள்ளுவான், பேசாமல் போய்விடுவான்.

அவனும் ராசாத்தியும் தள்ள, வண்டி சரிவில் உருண்டு கிளம்பியது. தீர்த்தகிரியின் கை கடைசிவரை சீட்டுக்கு அடியில் போகவே இல்லை.

இன்று சண்முகவேல் உடனே திரும்பிப் போகவில்லை.

"நான் வரையிலயே லைட்டு கண்ணைக் கூசுச்சு. பேட்டரி இறங்குன வண்டியில அப்படி எரியுமாங்கண்ணா?"

தீர்த்தகிரி அவசரமாக ஹெட்லைட்டை அணைத்தார்.

சண்முகவேல் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"நாளைக்கு லைட்டை அமத்திட்டு நில்லுங்க. தள்ளிவிட வாரேன்."